வைத்தியனுக்கு நான் எழுதிய ஐந்து பதில்கள்

வீட்டில் நைட்டியோடு உட்கார்ந்துகொண்டே, "தோ வந்துகினே கீறேன், அஞ்சு நிமிஷம்" என்று போனில் சொல்லாத ஆள் பூந்தமல்லிப் பக்கத்தில் உண்டா? நம் வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். நாம் இன்னும் பல்கூட விளக்கவில்லை என்று எதிர்முனையில் இருப்பவருக்கும் தெரியும். தெரிந்தே "சரி, வா" என்பார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதிலேயே பழங்கதை பேசுகிறேன் என்று என் மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். இது நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நடந்தது. போன வாரம் வரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். முதுகு துருத்திய அந்தக் காலத்து மானிட்டர் நினைவிருக்கிறதா? அதற்கு அம்மா மிஞ்சிய சட்டைத் துணியில் உறை தைத்திருந்தாள். பழக்க தோஷத்தில் அதற்கும் காலர் வைத்து, முன்னால் ஒரு பாக்கெட்டும் வைத்துவிட்டாள். மின்விசிறிக் காற்றில் உறை உப்பும்போது தலையில்லாத ஆபீசர் ஒருவர் மேஜைமேல் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் முழுக்க முழுக்க அண்ணனுடையது. என்னைவிட இரண்டு வயது பெரியவன், பிளஸ் ஒன். பள்ளி விட்டு வந்ததும் இணையத்தில் ஒரு விளையாட்டுக்குள் போய்விடுவான். ஒரே நேரத்தில் நூறு பேர், இருநூறு பேர் சேர்ந்து ஆடுவது. ஆளுக்கொரு பாத்திரம். பூதம், எலும்புக்கூடு என்று அடித்து அடித்து அந்தப் பாத்திரத்தை வளர்க்க வேண்டும். சென்னையில் ஏதோ கல்லூரி விடுதிப் பையன்கள் சொந்தமாக சர்வர் போட்டு நடத்தினார்கள். அதனால் ஆடுகிறவர்கள் எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள், ஆங்கில எழுத்தில் தமிழில் அரட்டை அடிப்பார்கள். மற்றவர்கள் வாளும் கோடாலியும் வாங்கினார்கள். அண்ணன் வைத்தியன் ஆனான். சண்டையில் யாருக்கு உயிர் குறைகிறதோ அவருக்கு ஓடிப்போய் மருந்து போடுவதுதான் வைத்தியனுக்கு வேலை. இரண்டு வருடம் விரல் தேயத் தேய வளர்த்த ஆள்.

காலாண்டுத் தேர்வுகூட வரவில்லை, முதல் மாதத் தேர்விலேயே அண்ணன் மூன்று பாடத்தில் போனான். அப்பா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு நாள் எங்கோ விசாரித்துவிட்டு வந்து, கிருஷ்ணகிரியைத் தாண்டி ஒரு விடுதிப் பள்ளியில் இடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். போன் கிடையாது, டிவி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் வீட்டோடு பேசலாம்.

"மூணு மாசத்துல புள்ள புள்ளையா ஆயிடும்" என்றார்.

அம்மா தலையாட்டினாள்.

கிளம்புகிற அன்று டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"பதினஞ்சு நாள் உள்ள வரலன்னா எங்க குழுவுல இருந்து பேரைத் தூக்கிடுவானுங்க. தெனம் ஒரு மணி நேரம் நீ உக்காரு. மருந்து போடு. யார் பேசுனாலும் நான் பேசுற மாதிரியே பேசு."

"சரி."

"பாட் மட்டும் போட்டுடாத. அது கையால ஏத்துன ஆளு. சத்தியம் பண்ணு."

பாட் என்றால், நமக்குப் பதில் விளையாட்டை ஆடும் மென்பொருள். நாம் பள்ளியில் இருந்தாலும் நம் பாத்திரம் நடக்கும், அடிக்கும், பொறுக்கும். நடத்துகிறவர்கள் கண்டுபிடித்தால் பெயரை நிரந்தரமாக முடக்கிவிடுவார்கள். அண்ணனுக்கு முடக்கம் பெரிய பயமில்லை, பாட் போடுகிறவர்களைக் கண்டாலே அருவருப்பு. நான் அவன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பஸ் கிளம்பும்போது அம்மாவைப் பார்த்துக் கையாட்டினான். அம்மா அழுதுகொண்டிருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை.

என் சத்தியம் பதினோரு நாள் தாங்கியது.

முதலில் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கும் பள்ளி, டியூஷன், சனிக்கிழமை மதியம் பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் வகுப்பு. வைத்தியனோ ஓயாமல் கூப்பிடப்படுகிற ஆள். "மச்சான் வா", "மாமே எங்க கீறே", "தலைவர் கிட்ட சொன்னியா" என்று கேள்விமேல் கேள்வி. அண்ணன் மாதிரியே பேசிப் பேசி எனக்கு நாக்கே மாறிவிட்டது. அம்மாவிடம் ஒருநாள் "இன்னா மாமே, சோறு ரெடியா" என்று கேட்டு முதுகில் வாங்கினேன்.

டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கீழே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்திய அக்காவிடம்தான் போய் நின்றேன். ஏசிக்காகக் கதவை மூடியே வைத்திருப்பார். உள்ளே ஈரப் பாயின் வாடை. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு சிடியில் பாட்டைப் போட்டுக் கொடுத்தார்.

"ஆடுறது பெரிய விஷயம் இல்ல. பேசுறதுதான் மாட்டி உடும்" என்றார். "அதுல பதிலுக்குன்னு ஒரு ஃபைல் கீது. எந்த வார்த்தை வந்தா இன்னா சொல்லணும்னு நீயே எழுதலாம்."

"ஆயிரம் கேள்வி கேப்பாங்களேக்கா. ஆயிரம் பதிலா எழுதறது?"

அக்கா சிரித்தார். "நம்ம ஆளுங்க எதுக்கு நேரா பதில் சொல்லிகீறாங்க? உங்க ஊட்ல போன் வந்தா இன்னா சொல்லுவீங்களோ அதைப் போடு. எல்லாத்துக்கும் ஆவும்."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பால்காரர், சீட்டுக்காரர், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற சொந்தக்காரர் என்று யார் எதைக் கேட்டாலும் எங்கள் வீட்டில் புழங்கியது மொத்தம் ஐந்தே பதில்கள். கேள்வியில் "வா" இருந்தால், "தோ வந்துகினே கீறேன், அஞ்சு நிமிஷம்." "எங்க" இருந்தால், "இங்கதான் கீறேன்." "சொன்னியா", "கேட்டியா" என்று வந்தால், "சொல்லிகீறேன், பாக்கலாம்னாங்க." இவை எதுவும் இல்லாமல் புரியாத ஏதாவது வந்தால், ஒரு தடவை "ம்ம், சரி சரி." மறு தடவை "சாப்டியா?" அவ்வளவுதான்.

எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை. மற்ற அமைப்புகளும் கச்சிதமாகச் செய்தேன். யாருக்காவது உயிர் பாதிக்குக் கீழே போனால் உடனே மருந்து. தன் உயிர் கால் பங்குக்கு வந்தால் ஓடி ஒளி. சிடியை மானிட்டர் உறையின் பாக்கெட்டில் ஒளித்து வைத்தேன். யாரும் அங்கே கைவிட மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பாட் ஓடும்போது விளையாட்டின் வண்ணப் படம் எதுவும் தெரியாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வரிவரியாக மேலே போய்க்கொண்டிருக்கும், அவ்வளவுதான். முதல் நாள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து என் பின்னால் நின்றபோது எனக்கு உயிரே போய்விட்டது. ரொம்ப நேரம் திரையையே பார்த்தார்.

"இன்னாம்மா இது, புரோகிராமா?"

தலையாட்டினேன்.

"எழுது, எழுது" என்று செருப்பைக் கழற்றாமலே பின்வாங்கி, அம்மாவிடம் போய் மெதுவாக, "பாப்பாவைக் கடைக்கு அனுப்பாத. அது படிக்குது" என்றார். அதே கம்ப்யூட்டரில் பொம்மை ஓடியதற்காகப் பிள்ளையை நாடு கடத்தியவர், எழுத்து ஓடியதற்காகப் பெண்ணைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார். அவர்மேல் என்னால் இப்போதும் கோபப்பட முடியவில்லை. ஆனால் அன்று அவர் ஒரு வரியையாவது படித்துப் பார்த்திருக்கலாம்.

ஒரு ஞாயிறு மதியம் ஆபத்து வந்தது. நான் ஊறுகாயோடு தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வரை நடத்துகிற அட்மின் வைத்தியனைத் தூக்கி ஆளில்லாத ஓர் அறையில் போட்டுவிட்டு அவனே எதிரில் வந்து நின்றான். பாட் போடுகிறவர்களை இப்படித்தான் பிடிப்பார்கள். கறுப்புத் திரையில் அவன் கேள்வி வந்தது.

"எங்க கீறே தெரியுதா?"

நான் எச்சில் கையோடு கீபோர்டை நெருங்குவதற்குள் வைத்தியன் பதில் சொல்லிவிட்டான். "இங்கதான் கீறேன்."

"காமெடி பண்ணாத. நீ பாட்டா?"

"ம்ம், சரி சரி."

"இன்னாடா சரி சரி?"

இரண்டு வருட உழைப்பு. அவன் முடக்கினால் அண்ணன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எழுத்து எதுவும் விரலுக்கு வரவில்லை. அதற்குள் வைத்தியன் அடுத்ததைச் சொல்லியிருந்தான்.

"சாப்டியா?"

பிறகு அட்மின் எழுதினான். "இன்னும் இல்ல மச்சான். மெஸ்ல சாம்பார் காலி. சரி, நீ ஆடு."

போய்விட்டான். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். நான் உட்கார்ந்து பேசியிருந்தால் மாட்டியிருப்பேன். அந்த ஐந்து பதில்கள் என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் பேசின. அன்றோடு பயம் விட்டுப்போனது. பாட் தன்னிடம் பேசுகிறவர்களின் பேச்சையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதுவரை தினமும் அதைப் படித்துவந்தேன். அதன் பிறகு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஞாயிறு மாலைகளில் அண்ணனோடு ஐந்து நிமிடம் பேசுவோம். ஆகஸ்டு கடைசியிலிருந்து அவன் பேச்சு ஒரு மாதிரி ஆனது. எதைச் சொன்னாலும் "இன்னா? இன்னா?" என்று திருப்பிக் கேட்டான். அம்மாவுக்கு எரிச்சல்.

"கவனம் எங்கடா கீது ஒனக்கு? பெத்தவ பேசுறது காதுல உழுவலையா?"

அடுத்த வாரம் அவனே ஒரு கேள்வி கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, என்னாண்ட எதுனா கேக்கணுமா?"

"இன்னா கேக்கணும்? நல்லா படி. அவ்ளோதான்."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"வேற இன்னாடா?"

"சரி" என்று வைத்துவிட்டான். திமிர் ஏறிவிட்டது என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே போய் அரிசி களைந்தாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தேன். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வைத்தியன் நலமாக இருந்தான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பதினோரு மணிக்கு விடுதியிலிருந்து போன். பையன் காலை வழிபாட்டுக்கு வரவில்லை, அறையிலும் இல்லை, பையையும் காணோம் என்றார்கள். அம்மா ரிசீவரைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்தாள். ஓவர்டைமுக்குப் போயிருந்த அப்பாவைச் செல்போனில் கூப்பிட்டோம், எண்ணெய்க் கறைச் சட்டையோடு வந்தார். பன்னிரண்டரைக்கு இரண்டு பேரும் கிருஷ்ணகிரி பஸ் ஏறினார்கள்.

"போனாண்டையே உக்காரு. எங்கியும் போவாத" என்றார் அப்பா.

உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் அவ்வளவு பெரிதென்று அன்றுதான் தெரிந்தது. அண்ணன் யாரிடம் பேசியிருப்பான் என்று யோசித்து யோசித்து, மூன்று மணிக்கு மேல்தான் அந்த எண்ணம் வந்தது. விளையாட்டில் அவனுடைய நண்பர்கள் யாராவது வைத்தியனிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். கோப்பைத் திறந்தேன்.

முந்தைய நாள், சனிக்கிழமை, மதியம் மூன்றேகால். நான் டைப்ரைட்டிங் வகுப்பில் இருந்த நேரம். "பல்லிமுட்டாய்" என்ற பெயரில் புதிதாக ஓர் ஆள் வைத்தியனிடம் பேசியிருந்தது. என் பற்கள் சின்னவை என்று அண்ணன் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் அது. வேறு யாருக்கும் தெரியாது.

பல்லிமுட்டாய்: எடது காது சுத்தமா கேக்கல. அம்மா கிட்ட இன்னொரு தபா கேட்டியா

வைத்தியன்: சொல்லிகீறேன், பாக்கலாம்னாங்க

பல்லிமுட்டாய்: இன்னும் பாக்கலாம்தானா

வைத்தியன்: ம்ம், சரி சரி

பல்லிமுட்டாய்: நாளைக்கு விடியறதுக்குள்ள கெளம்பிடறேன். ஊட்டுக்கு வரல, திருப்பி உட்ருவாங்க. ஏரிக்கர ஸ்டாப்புல பத்து மணிக்கு நிக்கிறேன். நீ மட்டும் வா

வைத்தியன்: தோ வந்துகினே கீறேன், அஞ்சு நிமிஷம்

பல்லிமுட்டாய்: இப்ப இல்ல லூசு. நாளைக்கு. கண்டிப்பா வா

வைத்தியன்: தோ வந்துகினே கீறேன், அஞ்சு நிமிஷம்

பல்லிமுட்டாய்: சரி. உன்ன நம்பிதான் வரேன்

வைத்தியன்: சாப்டியா?

அதன் பிறகு அவன் எதுவும் எழுதவில்லை.

மணி மூன்றரை. அப்பாவுக்குப் போன் செய்யலாம். அவரிடம் செல்போன் இருந்தது. செய்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முதலில் போய் அவனைப் பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

நசரத்பேட்டையிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரை அப்படியொன்றும் தூரமில்லை. அன்று முடியவே இல்லை. கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போயின. வாயெல்லாம் மண். பத்து மணிக்கு வந்தவன் ஐந்தரை மணி நேரமாக என்ன செய்திருப்பான்? ஏரிக்கரை என்ற சொல்லில் இருந்த ஏரி அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு நான் மிதித்தது நினைவில்லை.

ஸ்டாப்பில் யாருமில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"பையோட ஒரு புள்ள காலைலேந்து உக்காந்துகினு இருந்துச்சே. மதியம் எழுந்து கரைமேல போச்சு."

சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரையில் ஏறினேன். தண்ணீர் வெகு உள்ளே வாங்கியிருந்தது. கற்கள் கொதித்தன. கொஞ்ச தூரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முதுகு தெரிந்தது. "அண்ணா" என்று கத்தினேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கத்தினேன், அப்போதும் இல்லை. கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அவன் இடது பக்கமாக ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். காதோரம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ஒரு வாடையும் வந்தது.

"அஞ்சு நிமிஷம்னியே" என்றான்.

"சைக்கிள் பஞ்சர்" என்றேன்.

நம்பினான். பிறகு எழுந்து வலது பக்கமாக வந்து நின்றுகொண்டான், நான் பேசுவது கேட்பதற்காக. உதடெல்லாம் வெடித்திருந்தது.

"அம்மாவும் நைனாவும் பஸ்ல போனதைப் பாத்தேன். ஜன்னலாண்ட அம்மா உக்காந்துகினு இருந்துச்சு. ஸ்கூலுக்குத்தான போறாங்க? அதான் மேல வந்துட்டேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நீ அம்மா கிட்ட நெசமாவே சொன்னியா? மாஸ்டர் அடிச்சாரு, காதுல சீழ் வருதுன்னு? அதுக்கப்புறமும் பாக்கலாம்னு தான் சொல்லிச்சா?"

நம் வயதுக்காரர்களே, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? இல்லை அண்ணா, நான் உனக்குச் செய்த சத்தியத்தை மீறி பாட் போட்டேன், உன்னிடம் பேசியது அதுதான், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. எனக்குப் பதினான்கு வயது, பயம். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையாட்டினேன். ஆமாம் என்று.

இத்தனை நாள் மென்பொருள்தான் அண்ணனைக் கெடுத்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்திருக்கிறேன். அந்தக் கரையில் மென்பொருள் எதுவும் இல்லை. நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

டீக்கடைப் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு அண்ணன் வந்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். வேலூர் தாண்டியவர்கள் இறங்கித் திரும்பினார்கள். அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு, அவர்கள் வருவதற்குள் கோப்பை முழுதாகப் படித்தேன். மூன்று சனிக்கிழமைகள். சோப்பு, சீப்பு வாங்க டவுனுக்கு விடுகிற அரை மணியில், அங்கிருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து பேசியிருக்கிறான். முதல் சனிக்கிழமை, "காதுல அடிச்சுட்டாரு, போன்ல சொல்ல முடியல, பக்கத்துலயே நிக்கிறாரு, அம்மா கிட்ட சொல்லு." அதற்கு வைத்தியன், "ம்ம், சரி சரி." இரண்டாவது வாரம் "சொன்னியா?" அதற்கு, "சொல்லிகீறேன், பாக்கலாம்னாங்க." அந்த வாரம்தான் அவன் போனில் அம்மாவைக் கேட்டான், எதுனா கேக்கணுமா என்று.

அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்பீர்கள். எப்படி வரும்? எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தானே பேசினோம்.

கோப்பை அழித்தேன். பாட்டை அழித்தேன். விளையாட்டையும் அழித்தேன். சிடியை உடைத்து அம்மாவின் வெட்டுத் துணிப் பைக்குள் போட்டேன்.

அம்மா வாசலிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் கையைத் தொங்கவிட்டபடி நின்றான். காதைப் பார்த்ததும், "ஏன்டா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள். அண்ணன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. இப்படியும் ஒருத்தி நடிப்பாளா என்கிற பார்வை. பிறகு என்னைப் பார்த்தான், நான் மானிட்டர் உறையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஜவ்வு கிழிந்து சீழ் உள்ளே போய்விட்டது, இரண்டு வாரம் முன்பு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இடது காது போனது போனதுதான். அப்பா அவனை அங்கே திருப்பி அனுப்பவில்லை, அதன் பிறகு எதற்கும் அதட்டவும் இல்லை. அண்ணன் படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டு ஓசூரில் இருக்கிறான். அம்மாவிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், ஐந்து நிமிடம். விடுதியில் கொடுத்த அதே ஐந்து நிமிடம். தீபாவளிக்கு வந்தால் அன்று சாயங்காலமே கிளம்பிவிடுவான். "எம்புள்ள என்னாண்ட எதையும் சொல்ல மாட்டான், சின்ன வயசுலேந்தே அப்படித்தான்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு என்னோடுதான் இருக்கிறாள். அவள் சொல்லும்போதெல்லாம் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

போன வாரம் என் மகள் செல்போனில் ஏதோ ஒன்றைக் காட்டினாள். வருகிற செய்திகளுக்கு நம்மைப் போலவே அதுவே பதில் போடுமாம். "அம்மா, உனக்கும் செட் பண்ணித் தரவா? நீ எப்பவும் சொல்றதையே அது சொல்லிடும்" என்றாள். எனக்கு எச்சில் கையோடு கீபோர்டுக்குமுன் நின்றது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பிள்ளை பயந்துவிட்டாள்.

அன்று ஞாயிறு. அண்ணனுக்கு நானே போன் செய்தேன். வலது காதுக்குக் கொண்டுபோகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பதினோராவது நாளிலிருந்து, ஐந்து பதில்களையும், பஞ்சரையும், தலையாட்டலையும். அவன் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரொம்ப நேரம் கழித்து, "அப்போ அம்மாவுக்குத் தெரியாதா?" என்றான்.

"தெரியாது. ஒண்ணுமே தெரியாது."

"அம்மா கிட்ட குடு" என்றான்.

அம்மா பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் கூப்பிடுகிறான் என்று ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். கையெல்லாம் செதில். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள், "தோ வந்துகினே கீறேன், அஞ்சு நிமிஷம்னு சொல்லு."

அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"மெதுவா வரட்டும்" என்றான் அண்ணன். "நிக்கிறேன்."